பௌதிகம் பயில்வார்க்கு வேண்டும் ஆங்கிலம்

எமது கல்லூரியிலிருந்து விஞ்ஞானம் கற்கப் பல்கலைக்கழகம் புகும் மாணவருட் பெரும்பாலார் தமிழிலேயே பௌதிகத்தைக் கற்றவராவர். விசையும் உந்தமும் அவர்தம் மனத்திலே தமிழ்ச் சொற்களாகவே வேரூன்றியுள்ளன. பல்கலைக்கழக விரிவுரையோ ஆங்கிலத்தில் நிகழ்கின்றது. பள்ளிப் பருவத்தில் நன்கு பழகிய பொருள், அங்கே பழகாத மொழியொன்றிற் பேசத் தொடங்குகின்றது. இவ்விடைவெளியைக் கடக்கும் வழி குறித்துச் சில கூறுதற்கு இம்மலரை நல்ல இடமெனக் கருதுகின்றேன். ஆங்கிலத்தின் பெருமையையோ தமிழின் பெருமையையோ நாட்டுதல் என் நோக்கமன்று. பௌதிகத்தை விரும்பிச் சென்ற பிள்ளையொருவன் மொழியின் பொருட்டு அதனைக் கைவிடாதிருத்தல் வேண்டும் என்பதே என் கவலையாகும்.

நானும் 1970களில் அவ்வாறு சென்றவனே. எம்முடன் சேர்ந்த தமிழ் மொழிமூல மாணவருள் கணக்கிலே எம்மெல்லோரையும் விஞ்சிய நண்பர் ஒருவர் இருந்தார். முதலாம் ஆண்டின் நடுப்பகுதியிலே அவர் பௌதிகத்தை விட்டு வேறு பாடத்துக்கு மாறினார். காரணம் வினாவியபோது, "எனக்குப் பௌதிகம் வராது போலக் கிடக்குது" என்றார். அவருக்குப் பௌதிகம் வந்தது; அப்பாடம் நடத்தப்பட்ட ஆங்கிலமே வரவில்லை. இவ்விரண்டையும் வேறுபிரித்துக் காட்டுவார் ஒருவரும் அன்று அவர் அருகில் இருந்திலர். மாணவன் ஒருவன் தன் மொழிக் குறையைத் தன் அறிவுக் குறையென்று எண்ணிவிடுதலே இவ்விடயத்திலுள்ள பேராபத்து. பிற்காலத்தில் முதலாம் ஆண்டுச் செய்முறை வகுப்புகளிற் கற்பித்தபோதும் இதனைப் பலமுறை கண்டேன்.

பௌதிக ஆங்கிலம் என்றவுடன் பலரும் நினைப்பது கலைச்சொற்களையே. மாணவரும் பல்கலைக்கழகம் புகுமுன் கலைச்சொல் அகராதியொன்றைத் தேடி வாங்குகின்றனர். அது வேண்டியதே, ஆயினும் இடரின் சிறுபகுதி மாத்திரமே அதனாலே தீரும். கலைச்சொல்லுக்கு வரைவிலக்கணம் உண்டு, பொருள் ஒன்றே. மீடிறன் என்பது யாதென்று தெரிந்தவனுக்கு ‘பிறீக்குவென்சி’ என்னும் சொல்லைப் பழகுதல் ஒரு நாழிகை வேலையுமன்று. 1950கள் முதல் அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட சொற்றொகுதிகளின் பயனாய், எம் நாட்டுத் தமிழ் மாணவன் திட்டமான சொற்களோடு பௌதிகம் கற்கும் வாய்ப்பைப் பெற்றான். கதி வேறு, வேகம் வேறு. திணிவு வேறு, நிறை வேறு. வலு வேறு, சக்தி வேறு என்று பதினாறு வயதிலேயே அவன் அறிகின்றான். அந்த அறிவு மொழி மாறுவதனால் அழிவதன்று.

எமது கல்லூரியிற் பௌதிகம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் கரும்பலகையிலே இடப்புறம் தமிழ்ச் சொல்லையும் வலப்புறம் ஆங்கிலச் சொல்லையும் எழுதி, இரண்டுக்கும் கீழே ஒரே வரைவிலக்கணத்தை எழுதுவார். சொல்லை மாத்திரம் ஒப்புவிக்கும் மாணவனை நோக்கி, "தம்பி, சொல்லை ஒருபக்கம் வை, அது எதை அளக்குது எண்டு சொல்லு" என்பார். அவ்வழக்கத்தின் அருமை தமிழ்நாட்டு நூல்களைப் படித்தபோது எனக்கு விளங்கிற்று. நாம் நிறை என்பதை அவர்கள் எடை என்பர். அவர்கள் நிறை என்பதோ எமது திணிவு. நாம் அமுக்கம் என்பதை அவர்கள் அழுத்தம் என்பர். எமக்கு அழுத்தம் என்பது மின்னியலுக்குரியது. ஒரே மொழியிலேயே கடல் கடந்தாற் சொல் இடம்மாறுமாயின், வேறு மொழிக்குச் செல்பவன் சொல்லை நம்பாது வரைவிலக்கணத்தையே நம்புதல் வேண்டும் என்பதிற் சந்தேகமில்லை.

மெய்யான இடர் வேறிடத்தில் உள்ளது. கலைச்சொல்லல்லாத எளிய சொற்களே மாணவனை மயக்குகின்றன. அவற்றை அகராதியிலே தேடவும் அவனுக்குத் தோன்றாது. ஏனெனில் அவை ஏலவே தெரிந்த சொற்கள். இயக்கவியல் வகுப்பிலே ‘லைற் ஸ்ற்றிங்’ என்னும் தொடரைக் கேட்ட என் தோழர் ஒருவர், ஒளியியல் இத்துணை விரைவில் ஏன் தொடங்கிற்று என்று அருகிலிருந்தவரை வினாவினார். இங்கே ‘லைற்’ ஒளியன்று. திணிவைக் கணக்கிற் கொள்ள வேண்டாதபடி இலேசானது என்பதே பொருள். அதனாலே இழையின் இழுவை அதன் வழியே மாறாதிருக்கும் என்பது பெறப்படும். ‘இன்எக்ஸ்ரென்சிபிள்’ என்றால் நீளாத இழை. இறுகிய அவ்விழையின் இரு முனைகளிலும் தொங்கும் பொருள்கள் கப்பியின் இருபுறத்தும் ஒரே பருமனுள்ள ஆர்முடுகலோடு இயங்கும் என்பது பெறப்படும். ‘ஸ்மூத்’ என்றால் உராய்வு இல்லை. ‘ஜஸ்ற்’ என்னும் சிறு சொல் வழுக்கத் தொடங்கும் தறுவாயைக் குறித்து, உராய்வு தன் எல்லைப் பெறுமானத்தை அடைந்தது என்பதைத் தெரிவிக்கும். இவ்வாறு ஒவ்வோர் அடைமொழியும் ஒரு சமன்பாட்டைத் தாங்கி நிற்கின்றது. அதனை அணியென்று எண்ணித் தாண்டிச் செல்பவனுக்கு வினாவைத் தீர்க்கப் போதிய சமன்பாடுகள் இரா.

உண்மையில் இத்தகைய சொற்கள் எமக்குப் புதியனவுமல்ல. அரிசி மூட்டையைத் தலையிற் சுமந்து அசையாது நிற்பவன் அந்த மூட்டையின்மீது வேலை செய்யவில்லை என்று முதன்முதற் கேட்டபோது நாமெல்லோரும் வியந்தோம். ஊர்ச்சொல்லாகிய வேலை பௌதிகத்திலே குறுகிய, கூரிய பொருளைப் பெற்றது. ஆங்கிலத்து ‘வேர்க்’ என்னும் சொல்லும் அதே வழியில் வந்ததே. தமிழிலே ஒருமுறை அந்த வியப்பைக் கடந்தவன் ஆங்கிலத்தில் அதனை எதிர்பார்த்தே படிக்கலாம்.

அடுத்தது இடைச்சொற்களின் வரிசை. நாம் வேற்றுமையுருபாற் சொல்லின் இறுதியிலே காட்டுவதை ஆங்கிலம் தனிச்சொல்லாகப் பெயரின் முன்னே வைக்கின்றது. 30 பாகை செல்சியசிலுள்ள 1 கிலோகிராம் நீரின் வெப்பநிலை ‘டு’ 40 பாகை உயர்த்தப்பட்டது என்றால் ஏற்றம் 10 பாகை. ‘பை’ 40 பாகை உயர்த்தப்பட்டது என்றால் நீர் 70 பாகையை அடையும். நீரின் தன்வெப்பக் கொள்ளளவை 4,200 எனக் கொண்டால் முன்னதற்கு 42,000 யூல் வெப்பமும் பின்னதற்கு 168,000 யூல் வெப்பமும் வேண்டும். ஈரெழுத்துச் சொல்லொன்று விடையை நான்கு மடங்காக்கிற்று. நான்காம் வேற்றுமையையும் மூன்றாம் வேற்றுமையையும் வேறுபடுத்தத் தெரிந்த தமிழ் மாணவனுக்கு ‘40 பாகைக்கு’, ‘40 பாகையால்’ என்று மனத்துள் மாற்றிக்கொள்ளுதல் எளிது.

வரைபிலே வரும் ‘அகெயின்ஸ்ற்’ என்னும் சொல்லும் இத்தகையதே. தனியூசலின் நீளத்திற்கு எதிரே அலைவுகாலத்தின் வர்க்கத்தைக் குறிக்க என்பதை ஆங்கிலம் மறுதலையாய் அடுக்கி, அலைவுகாலத்தின் வர்க்கத்தை முதலிலும் நீளத்தைப் பின்னரும் சொல்லும். முதலிற் சொல்லப்பட்டது நிலைக்குத்து அச்சிற்கு உரியது. மீற்றரையும் செக்கனையும் அலகாகக் கொண்டால் அவ்வரைபின் படித்திறன் ஏறத்தாழ 4.03 ஆகும். அச்சுகளை மாற்றியவனுக்கோ 0.248 கிடைக்கும், ஊசலை எவ்வளவு கவனமாக ஆட்டியிருந்தாலும் புவியீர்ப்பு ஆர்முடுகல் பிழைத்துப்போம். ‘றெஸ்பெக்ரிவ்லி’ என்பது எமது ‘முறையே’. நாம் அதனை முன்வைக்க, அவர்கள் வாக்கிய இறுதியில் வைப்பர். ‘அன்லெஸ்’ என்பது எமது ‘ஒழிய’. நியூற்றனின் முதலாம் விதி முழுவதும் அச்சொல்லிலே தங்கியுள்ளது. அதனைக் கவனியாது படித்தால் விதி தலைகீழாகும்.

வாக்கிய அமைப்பிலும் இம்மறுதலை உண்டு. ‘காந்தப் புலத்தில் இயங்கும் ஏற்றத்தின்மீது தாக்கும் விசை’ என்று நாம் சொல்லும்போது, விசை என்னும் தலைமைச்சொல் இறுதியில் வருகின்றது. ஆங்கிலத்தில் அதுவே முதலில் நின்று, தாக்குதலும் ஏற்றமும் இயக்கமும் புலமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து வரும். இடமிருந்து வலமாகச் சொல்லுக்குச் சொல் தமிழாக்க முயல்பவன் நடுவழியிலே களைத்துப்போவான். முதலில் முற்றுவினையைக் கண்டுபிடித்தல் வேண்டும்; பின்னர் அதன் எழுவாயையும் செயப்படுபொருளையும் கண்டு, ஏனைய தொடர்கள் எச்சொல்லைச் சிறப்பிக்கின்றன என்று வினாவுதல் வேண்டும். தமிழ்ச் செய்யுளைக் கொண்டுகூட்டிப் பொருள்கொள்ளப் பழகிய மாணவனுக்கு இஃது அரிதன்று. கணித நிறுவல்களின் தொடக்கத்தில் வரும் ‘லெற்’ என்னும் சொல்லைக் கண்டு மயங்குவோரும் உளர். கேத்திர கணிதத்திலே நாம் இறுதியில் எழுதும் ‘என்க’ என்பதே அங்கு முன்னே வந்து நிற்கின்றது.

ஓரிடத்தில் மாத்திரம் இரு மொழிகளும் ஒரே திசையிற் செல்கின்றன. பௌதிக ஆங்கிலம் பெயர்களை உருபின்றி அடுக்குதலை விரும்பும். ‘சிங்கிள் சிலிற் டிவ்றாக்‌ஷன் பற்றேண்’ என்பதை எடுத்துக்கொள்க. ஒற்றைப் பிளவினால் உண்டாகும் ஒளிக் கோணலினது கோலம் என்பது அதன் விரி. இது தொகையன்றி வேறென்ன? பிளவுக் கோணல் என்பதை உருபும் பயனும் உடன்தொக்க தொகையென்று எம் தமிழாசிரியர் கண்ணை மூடிக்கொண்டே கூறுவர். ஈற்றிலுள்ள பெயரே தலைமைப் பெயர் என்பதும், முன்னுள்ளவை அதனைச் சிறப்பிக்க வந்தவை என்பதும், மறைந்த உருபை நாமே விரித்துக்கொள்ளல் வேண்டும் என்பதும் இரு மொழிக்கும் பொதுவானவை. இலக்கண வகுப்பிலே கற்றது ஒளியியல் வகுப்பிலே உதவும் என்பதை எம் மாணவர் அறிதல் நன்று.

இனி எழுத்துக்கு வருவோம். செய்முறை அறிக்கையிலே செய்தவன் மறைந்து செய்யப்பட்டது மாத்திரம் தெரிதல் நெடுங்கால வழக்கு. ஆதலாற் செயப்பாட்டு வினை மிகும். அன்று செய்ததை இறந்த காலத்திலும், என்றும் உண்மையானதை நிகழ்காலத்திலும் எழுதுவர். இவை சில கிழமைகளிற் படியும். அரியது உறுதியின் அளவைக் காட்டும் சொற்களைத் தெரிதலே. புவியீர்ப்பு ஆர்முடுகல் 9.6 என்றும் வழு 0.3 என்றும் பெற்ற மாணவன், தன் பரிசோதனை 9.8 என்பதை ‘நிரூபிக்கின்றது’ என்று எழுதலாகாது. வழுவெல்லைக்குள் ‘இணங்குகின்றது’ என்றே எழுதல் வேண்டும். காட்டுகின்றது, உணர்த்துகின்றது, இணங்குகின்றது, ஆகலாம், ஆதல் வேண்டும் என்பவற்றுக்குரிய ஆங்கில வினைகளை வேறுபடுத்தி ஆளுதல் நடையழகு பற்றியதன்று; அது விஞ்ஞானியின் வாய்மை பற்றியது. அறிந்ததற்கு மேலே சொல்லாதிருக்க மொழி தெரிந்திருத்தல் வேண்டும்.

காதும் நாவும் எஞ்சியுள்ளன. கரும்பலகையில் எழுதியிருக்கும் சமன்பாட்டை எல்லோரும் வாசிப்பர். வாயாற் சொல்லும்போது அது வேறுருக்கொள்ளும். ‘ஸ்குவெயர்ட்’, ‘ஓவர்’, ‘நோட்’, ‘ரென் டு த மைனஸ் சிக்ஸ்’ என்று விரிவுரையாளர் விரைந்து செல்வார். புத்தகத்தைத் திறந்துவைத்து நாளொன்றுக்குப் பத்துச் சமன்பாடுகளை உரக்க ஆங்கிலத்தில் வாசித்து வந்தால் ஒரு தவணைக்குள் இவ்விடர் பெரிதும் நீங்கும். பேசுதற்கு அஞ்சும் மாணவனுக்கோ அருகிலொருவர் வேண்டும். பரிவுக் குழாய்ப் பரிசோதனையைப் பிழையின்றிச் செய்து முடித்த மாணவர் ஒருவரை, இரு பரிவு நீளங்களை ஏன் கழித்தீர் என்று ஆங்கிலத்தில் வினாவினேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதே வினாவைத் தமிழிலே கேட்டேன். "முனைத் திருத்தம் ரெண்டு நீளத்திலும் ஒரேயளவுதானே சேர், கழிக்க அது இல்லாமல் போயிடும்" என்று உடனே விடை வந்தது. அன்று முழு வகுப்பிலும் நான் கேட்ட மிகச் சிறந்த விடை அதுவே. "அதையே மூண்டு சின்ன வசனமாய் இங்கிலீசிலை சொல்லும் தம்பி" என்றேன். திருத்தம் சமன், நாம் கழிக்கிறோம், அது போகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். போகிறது என்பதற்கு ‘கான்சல்ஸ்’ என்னும் சொல்லை மாத்திரம் நான் கொடுத்தேன். அடுத்த கிழமை அவரே முதலிற் பேசினார். பௌதிகம் முழுவதும் ஏலவே அவரிடம் இருந்தது. குறைந்தது ஒரு சொல்லே.

சொல் இல்லாது தவித்தவர் எம் மாணவர் மாத்திரமல்லர். கொல்லன் ஒருவரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்று, பின்னர் மின்னியலின் பெருமேதையான மைக்கேல் பரடே, தம் கண்டுபிடிப்புகளுக்கேற்ற சொற்கள் ஆங்கிலத்தில் இல்லாமையால், 1834இல் கேம்பிறிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவலுக்குக் கடிதமெழுதி உதவி வேண்டினார். அனோட்டும் கதோட்டும் அயனும் கிரேக்க வேர்களிலிருந்து அவ்வாறே ஆங்கிலத்துக்கு வந்தன. பௌதிகவியலாளரைக் குறிக்கும் ‘பிசிசிஸ்ற்’ என்னும் சொல்லையும் ஹியூவலே 1840இல் ஆக்கினார். நியூற்றனுடைய இயக்க விதிகள் 1687இல் இலத்தீனில் வெளிவந்தன. அவர்தம் ஒளியியல் நூலே 1704இல் ஆங்கிலத்தில் வந்தது. ஐன்ஸ்ரைனின் 1905ஆம் ஆண்டுக் கட்டுரைகள் ஜேர்மன் மொழியின. 1924இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திர நாத் போஸ் ஆங்கிலத்தில் எழுதியனுப்பிய கட்டுரையை ஐன்ஸ்ரைனே ஜேர்மனிற் பெயர்த்து வெளிவரச் செய்தார். அந்தப் போஸ், 1948இல் கல்கத்தாவிலே வங்காள மொழியில் விஞ்ஞானத்தைப் பரப்பக் கழகமொன்றை நிறுவினார். பிறமொழியில் உலகோடு பேசுதலும் தாய்மொழியில் ஊரோடு பேசுதலும் ஒருவரிடத்தே முரணாதிருத்தற்கு அவர் நல்ல சான்று.

எம் மண்ணிலும் இவ்விரு வழிகளும் நெடுங்காலம் அருகருகே சென்றுள்ளன. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியில் எம் முன்னோர் ஆங்கில வழியே மேலைநாட்டு விஞ்ஞானத்தைக் கற்றனர். 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்து, நூல்களையும் தமிழாக்கினார். யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராயிருந்தவரும் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானவருமாகிய சுவாமி விபுலாநந்தர், 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே பழந்தமிழிசையைக் கணித நெறியால் ஆராய்ந்தார். 1974இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது விஞ்ஞான பீடம் முதலில் அமைந்ததும் வட்டுக்கோட்டையிலேயே. 2001 முதல் பாடசாலை உயர்தர வகுப்பிலும் ஆங்கில மொழிமூலம் கற்க இடமுண்டாயிற்று. எனினும் எம் மாணவர் பலர் இன்றும் தமிழிற் கற்றே செல்கின்றனர். அவ்வாறு செல்லுதல் குறைபாடன்று என்பதே இக்கட்டுரையால் நான் வற்புறுத்துவது. தாய்மொழியில் தெளிந்த பொருள் வேற்றுமொழியில் விரைவில் விளங்கும். தாய்மொழியில் தெளியாத பொருளுக்கு ஆங்கிலச் சொல்லொன்றைச் சூட்டுவதனால் தெளிவு வந்துவிடாது.

ஆதலின் இவ்வாண்டு உயர்தரப் பரீட்சை எழுதும் மாணவர்க்குக் கூறுவது இதுவே. பரீட்சைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் இடையேயுள்ள மாதங்களிலே ஆங்கில இலக்கணத்தை அடியிலிருந்து தொடங்கவேண்டுவதில்லை. நீங்கள் தமிழில் நன்கு கற்ற அதிகாரமொன்றையே ஆங்கில நூலில் எடுத்து, நாளொன்றுக்கு ஒரு பக்கம் படியுங்கள். பொருள் முன்னரே தெரியுமாதலால் மொழி தானே வழிவிடும். கொப்பியிலே தனிச்சொற்களை எழுதாது முழு வாக்கியங்களை எழுதுங்கள். சிறு சொற்களின்கீழே கோடிடுங்கள். செய்து முடித்த கணக்கொன்றை வாய்விட்டு ஆங்கிலத்தில் விளக்குங்கள். கேட்பார் இல்லாவிடிற் சுவருக்கு விளக்குங்கள். விரிவுரையிலே விளங்காத இடத்தைத் தமிழிற் குறித்துக்கொள்ள வெட்கப்படாதீர்கள்.

பழைய மாணவர்க்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. எம்முள் விஞ்ஞானமும் பொறியியலும் மருத்துவமும் கற்றோர் பலர் உள்ளனர். பரீட்சை முடிந்து காத்திருக்கும் மாணவரோடு சனிக்கிழமைகளில் ஒரு மணிநேரம் கல்லூரி ஆய்வுகூடத்திலே அமர்ந்து, ஒரு பக்கத்தை வாசித்து, ஒரு பரிசோதனையை இரு மொழியிலும் விளக்க அவர்களாற் கூடும். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆய்வுகூடத்தின் திறப்பும் ஆசிரியர் ஒருவரின் இசைவும் போதும். இவ்விழா ஆண்டிலே கட்டிடங்கள் எழுப்ப நிதி திரட்டுகின்றோம், அஃது ஆகவேண்டியதே. அதனோடு இச்சிறு வகுப்பும் தொடங்குமாயின், அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் புகும் எம் பிள்ளைகள் விரிவுரை மண்டபத்தின் முன்வரிசையில் அமர்ந்து வினாக் கேட்பர். அதற்கு முதற் சனிக்கிழமையை அதிபர் குறித்துத் தருவாராயின், அன்று காலையில் வருதற்கு நான் ஆயத்தமாயுள்ளேன்.